சுவருக்கு நல்ல தண்ணி ஊற்றிய ஊர்

சிப்பிவலசையில் வீட்டுச் சுவர்களுக்கு உயிர் வந்த தை மாசத்து வெள்ளிக்கிழமை, நம்புநாயகி பாசி எடுக்கப் போகவில்லை. கால் பெருவிரலில் கல் குத்திச் சீழ் வைத்திருந்ததால் வீட்டில் கிடந்தாள், அதனால்தான் ஊரிலேயே அதை முதலில் பார்த்தவள் அவளானாள். கடல் ஏறுகிற நேரம். முதுகில் ஈரம் படுகிறதே என்று திரும்பிப் பார்த்தால், சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம் கல்லின் கண் திறந்திருந்தது, ஒவ்வொரு கண்ணிலிருந்தும் அரிசி அளவுக்கு ஒரு பூ பழுப்பும் பச்சையும் ஊதாவுமாக விரல் நீட்டி எதையோ துழாவிக்கொண்டிருந்தது, விளக்கு மாடத்துக்குள் நீலமாக ஒரு குஞ்சு மீன் வாலாட்டியபடி நின்றது. சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் காற்றே தண்ணியாக நின்றது. கையை நீட்டினால் நனைந்தது, எடுத்தால் காய்ந்தது. நம்புநாயகி விரலை நக்கிப் பார்த்தாள், உப்பு.

"வந்துட்டீகளாக்கும்," என்றாள், வர வேண்டியவர்கள் கொஞ்சம் தாமதித்து வந்துவிட்டது மாதிரி. பிறகு எழுந்து நொண்டி நொண்டிப் போய், காலண்டரைக் கழற்றி, அது தொங்கிய ஆணியையும் பிடுங்கிப் போட்டாள்.

அந்த ஊர்ப் பழைய வீடுகள் எல்லாமே முருகைக்கல் வீடுகள். முருகைக்கல் என்றால் ஏதோ மலையில் வெட்டிய கல் இல்லை, கடலுக்குள் ஒரு மைல் தள்ளிக் கிடக்கிற பாரிலே, அந்தப் பவளத் திட்டிலே, பூவும் பிஞ்சுமாக உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த பவளம். அதைக் கடப்பாரையால் பேர்த்து, வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்து, நாறி அடங்கும்வரை வெயிலில் போட்டு, உருப்படியானதைச் சுவராக அடுக்கி, நொறுங்கியதைக் காளவாசலில் எரித்துச் சுண்ணாம்பாக்கி, அந்தச் சுண்ணாம்பையே அந்தச் சுவருக்குப் பூசிப் பொங்கல் கொண்டாடிய புண்ணியவான்கள் அவர்கள். நம்புவின் அப்பன் அடைக்கன் அதில் பெரிய கெட்டிக்காரன், ஒரே மூச்சில் முங்கி ஆள் உயரக் கல்லைப் பேர்ப்பவன். பங்குனிப் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள் மட்டும் கடலுக்குப் போக மாட்டான். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் பார் முட்டை விடும், ரோஸ் கலரில் கடல் பூராவும் மிதக்கும், உடம்பில் ஒட்டினால் அரிக்கும் என்பான். ஒரு வருசம் முழுக்க ஒரு கூட்டம் பிள்ளை பெறக் காத்திருந்து பெறுகிறதே, நாமும் ஒரு நாள் கை வைக்காமல் இருப்போம் என்றெல்லாம் அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை, அரிப்புக்குப் பயந்து லீவு போட்டான், அவ்வளவுதான்.

கல் தீர்ந்ததும் விசைப்படகு வந்தது, இழுவை வலை வந்தது, பாரின் மேலேயே உழுதுகொண்டு போனார்கள். அதுவும் போதாதென்று மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற கம்பெனிப் பாசி எங்கிருந்தோ வந்தது. நம்புநாயகியும் யோக்கியம் இல்லை, ஏழு வருசம் அந்தப் பாசிக்குக் கயிறு கட்டியவள்தான். கயிற்றிலிருந்து அறுந்த துண்டு பாரில் போய் ஒட்டி, கம்பளி போர்த்தின மாதிரி வளர்ந்து, மிச்சம் மீதியையும் மூச்சுமுட்ட அமுக்கியது. அதற்கு மேல் ஒரு சித்திரையில் கடல் கொதித்தது, பார் வெளுத்தது, ஐப்பசியில் ஒரு புயல் வந்து வெளுத்ததை உருட்டி உடைத்தது. கடல் செய்தது பாதி, இவர்கள் செய்தது பாதி. ஆனால் சிப்பிவலசையில் யாரை நிறுத்திக் கேட்டாலும், எல்லாம் இயற்கை, நாம என்னத்தச் செய்ய முடியும் என்று பெருமூச்சு விடுவார்கள், விட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஆக, கடலில் செத்தது சுவரில் பிழைத்துக்கொண்டது. நடக்கக் கூடியதுதான். ஊரும் ஒன்றும் பெரிதாக ஆச்சரியப்பட்டுவிடவில்லை, ஆச்சரியப்படவும் கொஞ்சம் அறிவு வேண்டுமல்லவா. முதல் நாள் வாயைப் பிளந்தார்கள். இரண்டாம் நாள், சுவரில் சாய முடியவில்லை, சேலை நனைகிறது என்று சலித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஒருவன் சுவரிலிருந்த மீனைப் பிடித்துப் பொரிக்கப் போய்ச் சட்டியில் வெறும் உப்புத்தண்ணி சுண்டியதைப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தான், யாரிடம் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீடு, வீட்டுக்குள்ளே மீன் வாடை வருது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது. போனவர்கள் மூன்று தலைமுறையாக மீன் பிடிப்பவர்கள்.

இதில் நெஞ்செரிச்சல் பட்டவர்கள் சிமெண்டு வீட்டுக்காரர்கள், அதிலும் ஊர்த் தலைவர் ரெத்தினவேலு. கல் பேர்த்த காலத்தில் வள்ளம் வைத்திருந்தவர், வலைக் காலத்தில் விசைப்படகு வைத்திருந்தவர், பாசிக் காலத்தில் கம்பெனிக்கு ஏஜெண்ட், இப்போது இரண்டு மாடிக் கான்கிரீட் வீடு. ஓட்டைக் குடிசைக்காரன் சுவரெல்லாம் பூக்கிறது, அவர் சுவர் பெயிண்டு உரிகிறது. பொறுக்குமா? ஊர்க் கூட்டம் போட்டு, இது சுவர் இல்லை, சுவர் மேல் வந்திறங்கிய ஆத்தா, இனிமேல் அவரவர் இஷ்டத்துக்கு இருக்கக் கூடாது, ஆத்தாளுக்கு ஒரு கமிட்டி வேண்டும் என்றார். கமிட்டிக்குத் தலைவர் யார் என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் பொழுது இல்லை.

ஆத்தா வந்துவிட்டாள், சரி, அவளுக்கு என்ன கொடுப்பது? இங்கேதான் சிப்பிவலசை தன் புத்தியைக் காட்டியது. அந்தக் கரையில் தோண்டினால் உப்பு, துப்பினால் உப்பு. குடிதண்ணி லாரியில்தான் வரும், வாரத்துக்கு இரண்டு நடை. பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கி வெயிலில் நிற்பார்கள். விருந்தாளி வந்தால் காப்பி அப்புறம், முதலில் ஒரு செம்பு நல்ல தண்ணி, சாகக் கிடப்பவன் வாயில் பால் அப்புறம், முதலில் ஒரு சொட்டு நல்ல தண்ணி. கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானப்படுத்தவும் நல்ல தண்ணிக் குடம்தான் போகும். அதைவிட ஒசத்தியான பொருள் அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஆத்தாளுக்கும் நல்ல தண்ணி ஊற்றுவதென்று முடிவானது, மஞ்சள் கலந்து, வேப்பிலை போட்டு, வெள்ளி செவ்வாய் தவறாமல்.

நம்புநாயகிக்கு இது ஒப்பவில்லை. முப்பது வருசம் பாசி எடுத்த கை. எடுத்த பாசியை நல்ல தண்ணியில் ஒரு நாள் போட்டால் வெளுத்துக் கூழாகிப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். எந்தக் காலத்திலோ பெருமழையில் ஆற்று வெள்ளம் கடலில் புகுந்தபோது முகத்துவாரத்துப் பார் ஒரு வாரத்தில் வெள்ளைத் துணியாகக் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அடுத்த வீட்டில் பஞ்சவர்ணம் சுவருக்குக் குடத்தைச் சாய்க்கப் போனபோது, ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பஞ்சவர்ணம் அவளுக்குத் தம்பி பெண்டாட்டி.

"ஏத்தா, ஊத்தாத. அது கடல் சீவன். உப்புத்தண்ணி ஊத்து."

"உங்களுக்கென்ன கிறுக்கா மதினி? சாமிக்குப் போயி உப்புத்தண்ணியா? நாய்க்குக் கூட வைக்க மாட்டோம்."

"நாய்க்கு வைக்காத. இதுக்கு வையி."

"பிள்ளைகளுக்கு அரைக் குடம் நிறுத்திட்டு எங்க பங்கு பூராத்தையும் கொண்டாந்திருக்கேன் மதினி, கையை விடுங்க," என்று உதறிவிட்டு ஊற்றினாள். கண்ணில் நீர் கோர்க்க, பக்தியோடு ஊற்றினாள். சுவரிலிருந்த பூவெல்லாம் படக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "பாருங்க, சிலுத்துக்கிருச்சு," என்றாள் பஞ்சவர்ணம் சந்தோசமாக.

மூன்றாம் நாள் பஞ்சவர்ணத்தின் சுவர் வெளுத்தது. ஐந்தாம் நாள் தெருவே வெளுத்தது. கோழையாக ஏதோ வழிந்து காய்ந்து, ஊர் முழுக்கச் செத்த மீன் நாற்றம், சுவரை ஒட்டி நின்ற ஈரமும் போய்விட்டது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? ஆத்தா மலையேறிட்டா என்றது. குறை என்ன என்று பேசி, பூசாரி குளிக்காமல் வந்ததில் தொடங்கி, தெருக்கோடியில் ஒரு பெண் தீட்டோடு நடந்ததில் முடித்தார்கள். தண்ணியைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை. பிறகு வெளுத்த சுவரைப் பார்க்கச் சகிக்காமல் சிமெண்டு பூசி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டினார்கள். டைல்ஸில் பவளமும் மீனும் படமாகப் போட்டிருந்தது. இது துடைக்கச் சுலபம் என்று எல்லாருக்கும் திருப்தி.

நம்புநாயகி மட்டும் ஒவ்வொரு தடவை கடல் ஏறும்போதும் கரைக்கும் வீட்டுக்குமாக நடந்து, நாற்பது குடம் உப்புத்தண்ணியைச் சுவருக்கு ஊற்றினாள். கால் விரல் ஆறவேயில்லை. ஊற்ற ஊற்ற அவள் சுவர் தழைத்தது. நாலு சுவரிலும் கொம்பு கொம்பாகக் கிளைத்து, உள்ளே அவள் படுக்க ஒரு பாய் அகலம்தான் மிச்சம் இருந்தது. பங்குனிப் பௌர்ணமி கழிந்து அஞ்சு நாள், அதுவரைக்கும் இதைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று மனசுக்குள் நாள் எண்ணினாள். அப்பன் பேர்த்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான், இதுவும் போய்விட்டால் அந்தக் கடலில் முட்டை விட ஒரு உயிர் இல்லை. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் போகிறவர்கள், சாமிக்கு உப்புத்தண்ணி ஊத்துற கருமத்தைப் பாரு என்று காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் வனத்துறை ஆபீசர் வந்தார். கல்லை லாரி லாரியாகக் கடத்திய காலத்தில் வராத ஆபீசர், பாரை வலை உழுதபோது வராத ஆபீசர், இப்போது ஜீப்பில் வந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நம்புவின் வாசலில் நின்றார்.

"பாதுகாக்கப்பட்ட உயிரினம்மா இது. வீட்டுல வச்சிருக்கிறது குற்றம்."

"நான் எங்கய்யா வச்சேன்? அதுதான் என்னைய வச்சிருக்கு."

"சுவர் யாருது?"

"கடலுது. எங்கப்பன் பேத்துக்கிட்டு வந்தது. அப்ப நீங்க எங்கய்யா இருந்தீக?"

அவர் ஒரு படிவத்தை எடுத்து விரித்தார். மற்ற வீடுகளையும் எட்டிப் பார்த்தார். டைல்ஸைத் தட்டிக் காட்டி, இதெல்லாம் ஆத்தா சார், மலையேறிட்டா என்றார் ரெத்தினவேலு. செத்தது சாமி, உயிரோடிருப்பது குற்றம் என்று ஆபீசர் குறித்துக்கொண்டு, தலைவர் வீட்டில் ஒரு செம்பு நல்ல தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கையில் ரெத்தினவேலுவுக்கு நம்புவின் சுவர் தேவைப்பட்டது. மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய மனுசர் ஆத்தாளைப் பார்க்க வருகிறாராம், டைல்ஸைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்? அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏத்தா நம்பு, உத்திரத்தன்னைக்குக் காலையில லாரி நேரா உன் வீட்டுக்கு வரும். ஹோசு பைப் வச்சு நாலு சுவரும் குளிரக் குளிர நல்ல தண்ணி அபிசேகம். ஊருக்கு வர்ற தண்ணி பூராவும் உனக்குத்தான். கொடுத்து வச்சவ."

"அண்ணே, உங்க காலுல விழுறேன். அந்தத் தண்ணி பட்டா மூணு நாள்ல செத்துப் போகும்ணே. ஊரு பூராவும் பாத்தீகள்ல."

"நல்ல தண்ணி பட்டு எதாச்சும் சாகுமாத்தா? நீ குடிக்கிறியே, செத்தா போன?"

"நான் மனுசி."

"ஆத்தா மனுசிய விட ஒசத்தி. அவளுக்குக் குடுக்கிறதும் ஒசத்தியாத்தான இருக்கணும்." கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. இவ்வளவு தெளிவாகப் பேச ஆள் இருக்கையில் நமக்கு எதற்கு மூளை என்கிற நிம்மதி ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. நம்புநாயகி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், ஒருவரையும் திட்டவில்லை. திட்டினால் புரிகிற சனமாக இருந்தால் திட்டியிருப்பாள்.

வீட்டுக்கு வந்தவள் முதலில் கூரை ஓலையைப் பிரித்தாள். பிறகு மேல் வரிசைக் கல்லில் கை வைத்தாள். கடப்பாரை தேவைப்படவில்லை, இடையிலிருந்த சுண்ணாம்பு விட்டுக்கொடுத்து, பலாச்சுளை மாதிரி கல் கையோடு வந்தது. ஈரச் சாக்கில் சுற்றி, செத்துப்போன புருசனின் பழைய வள்ளத்தில் அடுக்கினாள். இரண்டாவது சாக்கைத் தூக்க முடியாமல் நின்றபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து மறுமுனையைப் பிடித்தது. பஞ்சவர்ணம்.

"எம்பிள்ளைக நாக்கு வறண்டு கெடந்துச்சு மதினி, அன்னைக்கு," என்றாள். "அந்தத் தண்ணிய ஊத்தி நானே கொன்னுட்டேன்ல?"

"ஆமா," என்றாள் நம்பு. பொய் சொல்லி ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. "அழுதா கல்லு காஞ்சிரும். தூக்கு."

மூன்று நாள், இரண்டு பெண்கள், ஒரு வள்ளம். ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. குடியிருக்கிற வீட்டைக் கடலில் போடுகிற பைத்தியம் என்று சிரித்தது. அடைக்கன் பேர்த்த பள்ளம் பாரில் இன்னும் அப்படியே வாய் பிளந்து கிடந்தது. நம்புநாயகி அந்த வயசில் முங்கி முங்கி, முதலில் கம்பெனிப் பாசியைக் கை நிறையப் பிய்த்து வள்ளத்தில் எறிந்தாள், பிறகு ஒவ்வொரு கல்லாகப் பள்ளத்தில் வைத்தாள். தன் கையால் கட்டிய கயிற்றுத் துண்டு ஒன்று பாசிக்குள் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தபோது தண்ணிக்குள்ளேயே அவளுக்கு அழுகை வந்தது. கடைசிக் கல்லோடு விளக்கு மாடத்து நீல மீனும் போனது. வீடு இருந்த இடத்தில் நிலைப்படியும் கதவும் மட்டும் நின்றன, அவை மரம், கடலுக்குச் சொந்தமில்லை.

உத்திரத்தன்று லாரி வந்து, ஊற்றச் சுவர் இல்லாமல் கொஞ்சம் யோசித்து, பெரிய மனுசரின் கார் டயருக்கு ஊற்றிவிட்டுப் போனது. மறுநாள் ஆபீசர் வந்தார். சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் கதவு, கதவுக்குப் பின்னால் பாயில் நம்புநாயகி உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் அவர் முறைப்படி மூன்று தடவை கதவைத் தட்டினார், திறக்காததால் நோட்டீசைக் கதவில் ஒட்டினார். கட்டடக் கழிவைக் கடலில் கொட்டிய குற்றம் என்று அதில் எழுதியிருந்தது.

பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். பொழுது சாய்ந்து ஊரில் விளக்குப் போடுகிற நேரத்தில், நம்புநாயகி பாயில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பஞ்சவர்ணம். காற்று இல்லை. பார் இருக்கிற திக்கில் முதலில் ஒரு கோடு தெரிந்தது. கோடு அகன்றது. அந்த மங்கல் வெளிச்சத்திலும் நிறம் தெரிந்தது, ரோஸ் கலரில், கடுகு கடுகாக, ஆயிரமாயிரமாக மிதந்து மிதந்து கரை வரைக்கும் வந்து அவர்கள் காலடியில் நின்றது. நம்புநாயகி அதை ஒரு விரலால் தொட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அரித்தது. "எங்கப்பன் சொன்னது நெசந்தான்," என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அவளுக்கு அன்றைக்கிருந்த சந்தோசம் கல்யாணத்தன்று கூட இல்லை.

சிப்பிவலசை விடிந்து எழுந்து வந்து பார்த்தது. படகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது, வாடை தாங்கவில்லை, காலை நனைத்தால் அரிக்கிறது. பத்து மணிக்குள் கூட்டம் கூடி, பதினொரு மணிக்குள் மனு தயாரானது. அசுத்தமாகிவிட்ட கடலைக் கழுவிச் சுத்தம் செய்ய உடனடியாக ஐந்து லாரி நல்ல தண்ணி அனுப்பி வைக்குமாறு ஊர்ப் பொதுமக்கள் பணிவுடன் கேட்டுக்கொண்டார்கள். ரெத்தினவேலு முதல் கையெழுத்துப் போட்டார். ஊர் மொத்தமும் போட்டது, பஞ்சவர்ணத்துக்கு அவள் புருசனே போட்டுவிட்டான். ஒரே ஒரு கைநாட்டுதான் பாக்கி, அது இல்லாவிட்டால் மனு செல்லாது என்று யாரோ சொன்னதால், எல்லாரும் சேர்ந்து நம்புநாயகியின் வீட்டுக்கு வந்தார்கள்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினார்கள். "ஏத்தா நம்பு, கதவைத் தெற," என்றார் ரெத்தினவேலு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவர் இல்லை, ஒரு எட்டு தள்ளி நடந்தால் அவள் முன்னால் வந்து நின்றுவிடலாம். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நம்புநாயகி, வெயில் ஏறி அவர்கள் கலைந்து போகும்வரைக்கும் எழுந்து போய்த் திறக்கவில்லை.